சலரோகம் எண்டு எழுதுங்கோ

“என்னத்தாலை?”

செத்தவீட்டுக்காரர் வந்து கதிரையில் இருந்ததும் அக்கா கேட்கிற முதல் கேள்வி அது. செத்தவரின் பேர், வயது, அடையாள அட்டை எல்லாம் அதற்குப் பிறகுதான். படிவத்தில் உள்ள ஒழுங்கு வேறு. அவர் அந்த ஒழுங்கைக் கவனிப்பதேயில்லை.

எங்கள் ஊருக்கும் பக்கத்து நாலைந்து ஊர்களுக்கும், சனமெல்லாம் அக்கா என்று கூப்பிடுகிற அவர்தான் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவாளராக இருந்தார். பண்டத்தரிப்புக்குப் போகிற வழியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைதான் ஒப்பீஸ். ஒரு மேசை, மூன்று கதிரைகள், பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தனி ஆள். கலியாணம் கட்டவில்லை. ஏனென்று கேட்கிற துணிவு எவருக்கும் வரவில்லை. கன்னத்துக்குள் எப்போதும் ஒரு கராம்பு ஒதுக்கி வைத்திருப்பார். ஸ்கூட்டியில் போகும்போது எதிரே வருகிறவர் சிரித்தால், தலையை ஒருக்கால் ஆட்டுவார். அவ்வளவுதான்.

ஊர் அவருக்கு வைத்த பேர் ‘விடுப்புப் பதிவு’. அடுத்த வீட்டுச் சங்கதியைத் துருவித் துருவிக் கேட்பதை நாங்கள் விடுப்புக் கேட்கிறது என்போம். செத்தவீட்டில் அழுது களைத்துப்போய் வந்தவனிடம், எப்போது பசி குறைந்தது, உடம்பு எவ்வளவு மெலிந்தது, மலம் என்ன நிறம் என்று கேட்டால் வேறென்ன பேர் வைப்பார்கள்?

ஆஸ்பத்திரியில் செத்தால் டொக்டரின் துண்டு வரும். அதைப் பார்த்து எழுதிவிடலாம். வீட்டில் செத்தால் கிராம சேவகரின் கடிதமும் வீட்டுக்காரரின் வாயும்தான். எங்கள் பக்கத்தில் புற்றுநோய்க்காரர் பலர் வீட்டில்தான் செத்தார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமியறைக்குப் பக்கத்து அறையில் கிடத்தி, வருகிற சனத்துக்கு ‘வாய்வு’, ‘ஈரல் வீக்கம்’, ‘பலவீனம்’ என்று சொல்லிக்கொண்டிருப்போம். செத்த பிறகும் அதையே சொல்லுவோம். வீட்டில் கலியாணம் கட்டாத பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் சொல்லுவோம். புற்று வந்த குடும்பத்தில் பெண் எடுக்கப் பயப்படுகிற ஊர் இது.

ஒருமுறை நான் வேறு அலுவலாகப் போய்க் காத்திருந்தபோது ஒரு தோட்டக்காரப் பெடியன் தகப்பனின் சாவைப் பதிய வந்திருந்தான்.

“என்னத்தாலை?”

“வயது போனதுதான் அக்கா.”

“எத்தினை வயது?”

“அம்பத்தெட்டு.”

அக்கா பேனையைக் கீழே வைத்தார்.

“எனக்கும் அம்பத்தெட்டு வர இன்னும் பத்துப் பதின்மூண்டு வருசம்தான். நானும் சும்மா இருந்து செத்துப்போவனோ? வடிவா யோசிச்சுச் சொல்லும் தம்பி. கிளினிக் கொப்பி எங்கை?”

அவன் முதலில் கோபப்பட்டான். பிறகு அழுதான். அழுது முடியும் வரை அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆறுதலாகக்கூட. முடிந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீரை அவன் பக்கம் தள்ளிவிட்டு, “இப்ப சொல்லும்” என்றார். அவன் சொன்னான். வயிற்றுக்குப் பின்னால் நாரி வரைக்கும் இழுத்த நோ, கண் மஞ்சளானது, இரவிரவாக உடம்பெல்லாம் சொறிந்தது, கடைசியில் ஸ்கானில் சதையியில் கட்டி என்று காட்டியது. அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டு, கொப்பியையும் எடுப்பித்துப் பார்த்துத்தான் எழுதினார். வெளியே வந்த பெடியன் மதிலடியில் துப்பிவிட்டுப் போனான்.

இப்படியொரு மனுசியை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பப்போவதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். சமிபாட்டுத் தொகுதியைக் கரும்பலகையில் கீறி, இரைப்பைக்குப் பின்னால் இலை மாதிரிச் சதையியையும், கணையம் என்கிறதும் அதைத்தான், கீறிக் காட்டுகிறவன். ஊரில் ஓராளாவது உண்மையான காரணத்தைக் கேட்கிறதே என்று எனக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. அது மற்றவர்களுடைய வீட்டுச் சாவுகள் என்பதால் இருந்த சந்தோசம்.

ஒரு சங்கதியைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு மரக்கறிக்காரி இருக்கிறா. தாயும் தமையனும் இரண்டு வருட இடைவெளியில் செத்தார்கள். இரண்டையும் பதிந்தது அக்கா. இரண்டாவது தரம் கையெழுத்து வைக்க வந்தவவை எழும்ப விடாமல் மறித்தாராம்.

“உங்கடை வீட்டிலை ரெண்டு பேருக்கு ஒரே குடல் வருத்தம். நீங்களும் போய்க் காட்டுங்கோ.”

“எனக்கொண்டும் இல்லை அக்கா.”

“ஒண்டும் இல்லாமலிருக்கேக்கைதான் காட்ட வேணும். திங்கக்கிழமை நானும் அந்தப் பக்கம் போறன். என்னோடை வாங்கோ.”

தானே ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். குடலில் ஏதோ சிறிதாக இருந்ததாம், வெட்டி எடுத்தார்கள். அந்த மனுசி இன்றைக்கும் பண்டத்தரிப்புச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறா.

பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த கூட்டமும் எனக்கு மறக்காது. புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம். ஒழுங்கு செய்தது நான். வெளியிலிருந்து வந்த டொக்டர் ஒருவர் திரையில் இலங்கைப் படத்தைக் காட்டினார். சதையிப் புற்றுநோயால் செத்தவர்கள் கூடின மாவட்டங்கள் கடும் சிவப்பு, குறைந்தவை வெளிறின நிறம். எங்கள் குடாநாடு நன்றாக வெளிறிக் கிடந்தது. டொக்டருக்குச் சந்தோசம். எங்கள் ஒடியற் கூழையும் முருங்கையிலையையும் மீனையும் புகழ்ந்தார். சனம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

பின்வரிசையில் அக்கா எழும்பினார்.

“டொக்டர், எங்கடை பக்கம் உப்பிடி வெளிறிக் கிடக்கிறது சனம் சாகாததாலை இல்லை. நாங்கள் எழுதாததாலை. வீட்டிலை சாகிற சனத்துக்கு என்ன காரணம் சொல்லுகினம் எண்டு எனக்குத் தெரியும். பதியிறது நான்.”

டொக்டர் நல்ல மனிசன், கோபப்படவில்லை. “நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் அம்மா. பதிவில் உள்ளதைத்தான் நாங்கள் படமாகப் போடலாம்” என்றார். பிறகு இன்னொரு படம் காட்டினார். வருடம் போகப் போக இந்த நோயால் சாகிறவர்களின் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தோ, கிணற்றுத் தண்ணீரோ என்று ஒருவர் கேட்டார். சுருட்டு, சிகரட், சலரோகம், கூடின ஆயுள், முந்தி இல்லாத ஸ்கான் வசதி என்று பல காரணம் இருக்கலாம், எது எவ்வளவு என்று பதிவு சரியாக இருந்தால்தான் பிரித்துச் சொல்லலாம் என்றார் டொக்டர்.

“அப்ப முதலிலை எழுதுவம். கோடு ஏறினால் ஏறட்டும்” என்று சொல்லிவிட்டு அக்கா இருந்தார்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது நான் அவரிடம் போனேன்.

“அக்கா, விருந்தாளியா வந்தவரை அப்பிடிக் கேக்கலாமோ?”

“அவர் விருந்தாளிதான் மாஸ்ரர். அவர் கொண்டந்த படம் விருந்தாளியில்லை” என்றார். தேத்தண்ணியையும் வாங்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் என் தகப்பனுக்கு, ஐயாவுக்கு, வருத்தம் வந்தது.

ஐயா தோட்டத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். வாயில் சுருட்டு இல்லாமல் அவரைக் கண்டது குறைவு. அறுபத்துமூன்று வயதில் திடீரென்று சலரோகம், இரத்தத்தில் சீனி கூட என்றார்கள். பிறகு வயிற்று நோ. வாய்வு என்று மூன்று மாதம் மருந்து குடித்தார். கண் மஞ்சளானதும் அம்மா கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தா. நான் ஸ்கானுக்குக் கொண்டுபோகும்போது சாரத்தை இடுப்பில் நிறுத்த ஒரு பட்டி கட்ட வேண்டியிருந்தது. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சதையி என்றார். நான் பிள்ளைகளுக்குக் கீறிக் காட்டுகிற அந்த இலை. துண்டு வெட்டிக் கொண்டுவந்து ஐந்து கிழமையில் ஐயா வீட்டிலேயே போய்விட்டார்.

அந்த நேரம் தங்கச்சிக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். சாதகம் பொருந்தி, இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லியிருந்த நேரம். அம்மா ஐயாவின் தலைமாட்டில் இருந்தபடியே என் கையைப் பிடித்தா.

“தம்பி, அந்தச் சொல் இந்த வீட்டிலை கேக்கக்கூடாது. சலரோகம் முத்திப் போனவர். விளங்குதே?”

கட்டாரில் வேலையில் நின்ற என் தம்பிக்கும் அப்படித்தான் போனில் சொன்னோம். அவன் அழுதுகொண்டே, “சீனிச் சாப்பாட்டை விடச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்” என்றான்.

நான் அக்காவின் முன்னால் போய் இருந்தேன்.

“என்னத்தாலை மாஸ்ரர்?”

“சலரோகம். சலரோகம் எண்டு எழுதுங்கோ அக்கா.”

“கிளினிக் கொப்பி?”

“பெட்டியோடை வைச்சு எரிச்சாச்சு.”

அவர் பேனையைக் கீழே வைத்தார்.

“சொறிஞ்சவரோ?”

நான் கிராம சேவகரின் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

“நீங்கள் எங்கடை பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறனீங்கள்” என்றார். குற்றஞ்சாட்டுகிற குரலில்லை. ஒரு தகவலைச் சரிபார்க்கிற மாதிரி. பிறகு எந்த ஆஸ்பத்திரி, எந்த வாட்டு, எந்தத் திகதியில் துண்டு வெட்டினது என்று கேட்டு ஒரு கடதாசியில் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் போன் வந்தது. வந்து கையெழுத்து வைக்கச் சொன்னார். போனேன். எங்கே போய் எப்படி விசாரித்தாரோ, புத்தகத்தில் ‘சதையிப் புற்றுநோய்’ என்று முத்து முத்தான எழுத்தில் கிடந்தது.

“அக்கா, தங்கச்சிக்குப் பேசிக்கொண்டிருக்கிறம். உங்களுக்குத் தெரியும்தானே.”

“தெரியும். அது வேறை புத்தகம் மாஸ்ரர். கலியாணம் சரி வந்தால் அதிலை பதிஞ்சு தாறன்.”

கையெழுத்து வைத்தேன். கனடாப் பக்கம் விசா அலுவலுக்கென்று தகப்பனின் மரணச் சான்றிதழைக் கேட்டார்கள். ஒரு மாதம் சாட்டுச் சொல்லித் தள்ளிவிட்டு, வேறு வழியில்லாமல் அனுப்பினோம். இரண்டு கிழமையில் சாதகத்தை இன்னொருவரிடம் காட்டினதாகவும், பொருந்தவில்லை என்றதாகவும் போன் வந்தது. தங்கச்சி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தட்டித் தட்டிக் கை நொந்த பிறகும் திறக்கவில்லை.

அந்த ஆத்திரத்தில் நான் செய்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். அக்காவுக்கு எதிராகப் பெட்டிசன் எழுதினேன். செத்தவீட்டுக்காரரை அவமதிக்கிறார், பதிவுக்குக் கைக்கூலி கேட்கிறார், குடும்ப இரகசியங்களை வெளியில் சொல்கிறார் என்று மூன்று பக்கம். முதலாவது ஒரு வகையில் உண்மை. மற்ற இரண்டும் பொய். கைக்கூலி என்ன, அவர் ஒரு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். ஊரில் கையெழுத்துக்குப் பஞ்சமிருக்கவில்லை. துப்பிவிட்டுப் போன பெடியன் வைத்தான். அவன் மாமன் வைத்தான். அம்மா வைத்தா. மரக்கறிக்காரியிடமும் கொண்டுபோனேன். அவ கடதாசியை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, “மாஸ்ரர், கத்தரிக்காய் வேணுமோ?” என்று கேட்டா.

விசாரணை நடந்தது. என்ன கேட்டார்கள், அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. நாலு மாதத்தில் அவரை வேலையால் நிறுத்தினார்கள். கரவெட்டியில் இருந்த சகோதரியின் வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டோம். புதிதாக வந்தவர் நல்ல பண்பான மனிசர். சிரித்துக் கதைப்பார், பால் தேத்தண்ணி தருவார், சொன்னதை எழுதுவார். அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் புற்றுநோயே இல்லாமல் போய்விட்டது. சனம் சலரோகத்திலும் மாரடைப்பிலும் வயதிலும் செத்தது. எங்கேயோ ஒரு படத்தில் எங்கள் பக்கம் இன்னும் வெளிறியிருக்கும்.

தங்கச்சியும் மூன்று வருடத்தால் கட்டினாள். மாப்பிள்ளை உள்ளூர் ஆள், தங்கமான பெடியன். அவனுக்கு ஐயாவின் சான்றிதழைப் பார்க்க வேண்டுமென்று தோன்றவேயில்லை.

தம்பி கட்டாரிலிருந்து திரும்பி வந்து, மனுசி பிள்ளைகளோடு நல்லூரில் இருந்து, போன் திருத்துகிற கடை போட்டான். நாற்பத்தாறு வயதில் அவனுக்குச் சலரோகம் வந்தது. டொக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். தனியாரில் பார்க்கிற வயதான டொக்டர். ஆறுதலாக எல்லாம் கேட்டார்.

“குடும்பத்திலை ஆருக்கும் ஏதும் வருத்தம் இருந்ததோ?”

“ஓம் டொக்டர், எங்கடை ஐயாவுக்கும் சலரோகம். அதாலைதான் மோசம் போனவர்” என்றான் தம்பி. பதில் தெரிந்த கேள்வி வந்த மாணவன் மாதிரிச் சட்டென்று சொன்னான்.

“அப்ப பரம்பரைதான்” என்று டொக்டர் எழுதினார்.

நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். ஒரு வசனம் போதும். தம்பியை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுச் சொல்லியிருக்கலாம். திரும்பி வந்தும் சொல்லியிருக்கலாம். ‘இவனுக்கு இப்ப சலரோகம்தானே, ஏன் பயப்படுத்துவான்’ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவன் மெலிந்தான். சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியதால் என்று எல்லோரும் பாராட்டினோம். ஏழு மாதம். நாரியில் நோ என்று அவன் கடைக் கதிரையை மாற்றினான். கண் மஞ்சளான அன்றைக்குத்தான் நான் அவனை ஸ்கானுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கான் அறைக்கு வெளியே அவன் என்னைப் பார்த்து, “ஏன் அண்ணை முகம் உப்பிடிக் கிடக்கு? ரிப்போட் இன்னும் வரேல்லையே” என்றான்.

முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானோ தெரியாது. இந்த வருத்தத்தில் பிழைக்கிறவர்கள் குறைவு என்று டொக்டரும் சொன்னார். நேரத்துக்குப் பார்த்திருந்தால் வெட்டி எடுக்க ஒரு வழி இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டையும் நான் சுமக்கிறேன்.

தம்பி செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து ஒரு மாதத்தில் கரவெட்டிக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அக்கா வாசல் விறாந்தையில் இருந்து யாரோ ஒரு மனுசிக்கு உதவிப்பணப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் யாரென்று கேட்கவில்லை. மனுசி போகும் வரை நிற்க வைத்துவிட்டு, “இருங்கோ மாஸ்ரர்” என்றார்.

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். “அக்கா, அந்தப் பெட்டிசன்…”

“தெரியும். எனக்கு எதிரா வந்ததுகளிலை எழுத்துப்பிழை இல்லாதது அது ஒண்டுதான்.”

திட்டவில்லை. திட்டினால் நல்லது போலிருந்தது. நான் தம்பியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் நிமிர்ந்து இருந்தார். சலரோகம் எப்ப வந்தது, எவ்வளவு மெலிஞ்சவர், நோ முதுகுக்குப் போனதோ, சொறிஞ்சவரோ என்று பழையபடி ஒவ்வொன்றாகக் கேட்டார். வாழ்க்கையில் முதல் தரமாக அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையாகப் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல நெஞ்சு கொஞ்சம் இளகியது.

“எங்கை செத்தவர்?”

“வீட்டிலை.”

“பதிஞ்சாச்சோ?”

“ஓம்.”

“ஆர் போனது?”

“நான்தான்.”

“என்னெண்டு எழுதினது?”

தம்பியின் மனுசி என்னை மறித்து, “எங்களுக்கும் ஒரு பெட்டை இருக்கு அத்தான்” என்று சொன்னதை இவரிடம் எப்படிச் சொல்வது?

“சலரோகம்” என்றேன்.

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“பிள்ளையளுக்கு எத்தினை வயசு?”

“பெடியனுக்குப் பத்தொன்பது. பெட்டைக்குப் பதினாறு.”

“அதுகளுக்கு என்ன சொன்னனீங்கள்?”

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். அவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. எழும்பி, மேசையில் கிடந்த படிவங்களை அடுக்கினார்.

“எழும்புங்கோ மாஸ்ரர். உங்கடை பஸ் வாற நேரம்.”

நான் றோட்டுக்கு வந்து நின்றேன். வெய்யில் கொளுத்தியது. அரை மணித்தியாலமாகியும் ஒன்றும் வரவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடைக்காரனிடம் கேட்டேன். “யாழ்ப்பாணம் போறதோ? அது நீங்கள் வந்து நிக்கிறதுக்குக் கனநேரம் முந்தியே போயிட்டுது அண்ணை. இனி அஞ்சு மணிக்குத்தான். இஞ்சை இருக்கிற ஆரைக் கேட்டாலும் சொல்லியிருப்பினமே” என்றான்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா விறாந்தையில் இல்லை. படலை உள்ளுக்குக் கொழுவிக் கிடந்தது.